பெரியவள் வரிசை, சின்னவள் வரிசை

"நீங்க இந்தப் பொண்ணோட அம்மாவா?"

கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள் கேட்ட கேள்வி. கேட்ட கையோடு அவள் அடுத்த டோக்கனைக் கிழிக்கப் போய்விட்டாள். கேட்கப்பட்டவளுக்கு அது மாதக்கணக்கில் செரிக்கவில்லை.

பெரியவளுக்கு முப்பத்தெட்டு வயது. பக்கத்தில் நின்ற சின்னவளுக்கு முப்பத்தாறு. இந்த இரண்டு வருட இடைவெளிக்குள் ஒரு தாயும் மகளும் எப்படி நுழைந்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். "அய்யோ, அக்காங்க. கூடப் பிறந்த அக்கா" என்று சொல்லி, பெரியவளின் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். சிரிப்பைக்கூட பெரியவள் மன்னித்திருப்பாள். அந்த அழுத்தலில் இருந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே வீடு, ஒரே வேலை, ஒரே நோய். கல்யாணமும் இருவருக்கும் அமையவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை என்று பெரியவள் தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

நோய் முதலில் வந்தது அவளுக்குத்தான். ஆறு வருடம் ஆகிறது. காரணமே இல்லாமல் உடம்பு ஊதியது, குரல் கட்டையானது, வெயில் அடிக்கும்போதும் கை சில்லிட்டது. நின்ற இடத்தில் தூக்கம் வந்தது. கழுத்துக்குள் இருக்கும் தைராய்டு என்ற சுரப்பியை அவள் உடம்பே எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். "அதாவது, வீட்டு நாயே வீட்டுக்காரங்களக் கடிக்குது" என்று அம்மா அதைச் சுருக்கமாகப் புரிந்துகொண்டாள். நாயை விரட்ட முடியாதாம். சுரப்பி செய்யாமல் விட்ட வேலையை ஒரு மாத்திரை செய்யுமாம். தினமும் விடியலில், வெறும் வயிற்றில், தண்ணீரோடு, ஆயுசு முழுக்க. 

பெரியவள் அப்படியே செய்தாள். ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குக் காபி. அரை வருடத்தில் பழைய ஆளாகிவிட்டாள். இன்னும் சொல்லப்போனால் நோய் அவளுக்கு ஒரு தனி மரியாதையைக்கூடக் கொண்டுவந்தது. அம்மா அவளை எழுப்பும்போது குரலைத் தாழ்த்துவாள். கனமான வாளியைச் சின்னவள் தூக்குவாள்.

நான்கு வருடம் கழித்து அதே நோய் சின்னவளுக்கும் வந்தது. அம்மா அழுதாள். பெரியவளும் அழுதாள். ஆனால் அவள் அழுகையில் பாதிக்கு வேறு காரணம் இருந்தது. போட்டுக்கொள்ளும் சட்டையிலிருந்து படுக்கும் இடம்வரை தங்கை எல்லாவற்றிலும் பங்கு கேட்டு வளர்ந்தவள். கடைசியில் இதிலுமா?

பங்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சின்னவளுக்கு மூன்றே மாதத்தில் எல்லாம் சரியானது. முகம் வற்றியது. கொட்டிய முடி திரும்ப வளர்ந்தது, வளர்ந்தது, இடுப்பைத் தொட்டது. பெரியவளுக்கு மற்ற எல்லாம் திரும்பி வந்தன, முடி மட்டும் வரவில்லை. வகிடு ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாகத் தெரிந்தது. நோயிலும் தங்கைக்கு நல்ல துண்டு கிடைத்துவிட்டது என்று பெரியவள் நினைத்தாள்.

இதற்கெல்லாம் எண்ணெய் ஊற்றியது சமையலறை அலமாரிக் கதவு. அதன் உட்புறத்தில் அம்மா பென்சிலால் இரண்டு வரிசை போட்டிருந்தாள். தலைப்பில் 'பெ', 'சி'. சின்ன வயதில் இருவர் உயரமும், பிறகு பள்ளிக்கூட மதிப்பெண்ணும் ஏறிய கதவு அது. இப்போது ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் வரும் டி.எஸ்.எச். எண் அங்கே ஏறியது. நாலுக்குள் இருந்தால் நல்லது என்று டாக்டர் ஒருமுறை சொன்னதை அம்மா, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொண்டாள்.

"பெரியவ ரெண்டே முக்கால். சின்னவ ஒண்ணு தொண்ணூறு. சின்னவதான் ஃபர்ஸ்ட்டு!"

"அம்மா, இது பரீட்சை இல்லம்மா" என்பாள் சின்னவள். பரிசு வாங்கியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பெரியவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே இடம் கட்டிங் மேஜை. செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருந்த தையல்கூடத்தில் பதினான்கு மெஷின்கள், ஒரே ஒரு மேஜை. பள்ளிச் சீருடைகள் அங்கே தைக்கப்பட்டன. மேஜை ஜன்னலோரம் இருந்தது. காற்றும் வெளிச்சமும் முதலில் அங்கேதான் வரும். அறுபது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அளவு அட்டை வைத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, மின்சாரக் கத்திரியால் வெட்டிக் கொடுப்பவளுக்காக மற்ற பதினான்கு பேரும் காத்திருப்பார்கள். பதினோரு வருடமாக அது பெரியவளின் இடம். அங்கே அவள் பெயர் கத்திரியக்கா. சின்னவள் அங்கே நான்காவது மெஷினில் காலர் தைப்பவள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரைவரை தங்கை தலைநிமிர்ந்து அக்காவைப் பார்க்க வேண்டியிருந்தது. அது போதும் என்றுதான் பெரியவள் இருந்தாள்.

டோக்கன்காரி அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை.

மறுநாள் மாலை, அழகுச் சாமான் விற்கும் கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு புட்டியைப் பார்த்தாள். மேலே ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு, தரையைத் தொடும் கூந்தலோடு நின்றாள். முடிக்கும் நகத்துக்குமான சத்து மாத்திரை. நாளைக்கு ஒன்று என்று எழுதியிருந்தது. பெரியவள் இரண்டாகப் போட்டுக்கொண்டாள். வீட்டில் வைத்தால் சின்னவள் கண்ணில் படும். அவள் பார்த்தால் மறுபடி கையைப் பிடித்து அழுத்துவாள். அதனால் புட்டி தையல்கூடத்துக்குப் போனது. ஜோடி இல்லாத பட்டன்களைப் போட்டுவைக்கும் தகர டப்பா ஒன்று மேஜைக்கு அடியில் இருந்தது. யாரும் தேடாத பட்டன்கள். அவற்றுக்கு நடுவில் புட்டி குடிபுகுந்தது.

மூன்று மாதம் கழித்து இருவரும் வழக்கம்போல் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். சாயங்காலம் டாக்டர் முன்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டாக்டர் பெரியவளின் தாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ரொம்பக் குறைஞ்சிருக்கே. படபடப்பு, கை நடுக்கம், எடை குறையறது ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"வேற ஏதாவது மாத்திரை, சத்து மருந்து எடுத்துக்கறீங்களா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் சின்னவள் பின்னலை முன்னால் எடுத்துப்போட்டு நுனியை நீவிக்கொண்டிருந்தாள். அந்தப் பின்னல் மட்டும் அந்த நேரத்தில் முதுகுப்பக்கம் கிடந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"இல்ல டாக்டர். இது ஒண்ணுதான்."

"அப்ப இந்த டோஸ் உங்களுக்கு ஜாஸ்தி. நூறிலேர்ந்து எழுபத்தஞ்சாக் குறைச்சுக்கலாம். ரெண்டு மாசத்துல மறுபடி பார்ப்போம்."

குறைச்சுக்கலாம். அந்த ஒரு வார்த்தையை மிட்டாய்போல் வாயில் ஒதுக்கிக்கொண்டு பெரியவள் வீடு வந்து சேர்ந்தாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணை மூன்று முறை படித்தாள்.

"புள்ளி பூஜ்யம் எட்டா? அடியே, ஒண்ணுக்கும் கீழ! மாத்திரையும் குறைச்சுட்டாங்களா? பெரியவளுக்கு உடம்பு தேறிடுச்சு!"

சின்னவள் கதவருகில் நின்று இரண்டு வரிசையையும் பார்த்தாள். "எனக்கு ஏன் குறைக்கல?" என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தில் ஓடியது என்ன என்று பெரியவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகிய சமாச்சாரம். அன்றைக்குப் பெரியவள் இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து எண் இன்னும் இறங்கியது. டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். பக்கத்தில் அதே பின்னல். பெரியவள் அதே பதிலைச் சொன்னாள். "கொஞ்சம் அசதியா இருக்கு" என்றும் சொல்லிப் பார்த்தாள். "டோஸ் ஜாஸ்தியானாலும் அசதி இருக்கும்மா" என்று சொல்லி அவர் மாத்திரையை ஐம்பதாக்கினார். அம்மா அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம்கூடப் போட்டாள்.

கதவில் அவள் முதலிடத்தில் இருக்க, உடம்பு மட்டும் பின்வாசல் வழியாக நழுவிக்கொண்டிருந்தது. காலையில் விரல்களை மடக்க நேரம் பிடித்தது. செருப்பு கடித்தது. மாடிப்படி பன்னிரண்டையும் ஏறிவிட்டு, எதற்கு ஏறினோம் என்று நிற்பாள். எல்லோரும் ஃபேனைக் கூட்டச் சொல்லும்போது அவள் முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொள்வாள். "கத்திரியக்கா குளிர்நாட்டுக்குப் போகப் பழகுறாங்க" என்று பட்டன் தைப்பவள் கிண்டல் செய்தாள். பெரியவளும் சிரித்துவைத்தாள். இவ்வளவுக்கும் முடி ஒரு நூல்கூட வளரவில்லை.

ஒரு சந்தோஷம் மட்டும் இருந்தது. குளியலறைச் சீப்பில் நீளமான முடிகள் சுருண்டு கிடக்க ஆரம்பித்தன. அந்த வீட்டில் அவ்வளவு நீளம் ஒருத்தியின் தலையில்தான் இருந்தது. பெரியவள் அவற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அன்றைக்குச் சீப்பை அவளே கழுவி வைத்தாள், முணுமுணுக்காமல்.

சனிக்கிழமை மேஜையில் கோடு போட்ட சட்டைத் துணி அறுபது அடுக்கு. கோடு ஒரு பக்கம் மட்டுமே அச்சான துணி, அதனால் எல்லா அடுக்கும் மேல்முகமாக விரிக்கப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட துணியில் சட்டையின் இடது முன்பக்கத்துக்கு அட்டையை ஒருமுறை வைத்துக் கோடு போட வேண்டும். வலது முன்பக்கத்துக்கு அதே அட்டையைக் கவிழ்த்துப் போட வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற சங்கதி. பெரியவள் அட்டையை வைத்தாள், கோடு போட்டாள், நகர்த்தினாள், மறுபடி கோடு போட்டாள். வெட்டினாள். கட்டுகளை மெஷின்களுக்கு அனுப்பினாள்.

கால்மணி நேரத்தில் நான்காவது மெஷின் நின்றது. சின்னவள் இரண்டு துண்டுகளைத் தூக்கிப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, திருப்பி வைத்து, மறுபடி திருப்பினாள். பிறகு மெதுவாக எழுந்து வந்தாள்.

"அக்கா, எல்லாம் இடது."

"என்ன இடது?"

"எல்லாமே. நூத்தியிருபதும் இடதுதான்க்கா. வலது ஒண்ணுகூட இல்ல."

பதினான்கு மெஷின்களும் நின்றன. முதலாளியம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் துணி விஷயத்தில் சொந்த மகனைக்கூட மன்னிக்க மாட்டாள். துண்டுகளைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கத்திரி, உடம்பு சரியில்லையா?"

பெரியவள் பதில் சொல்வதற்குள் பட்டன் தைப்பவள் முந்திக்கொண்டாள். "அக்காவுக்கு உடம்பு தேறிடுச்சும்மா. மாத்திரையே பாதியாக் குறைச்சுட்டாங்க." போன மாதம் மேஜையில் சாய்ந்துகொண்டு இதைப் பெருமையாகச் சொன்னது பெரியவளேதான்.

"பாரு, உடம்பு சரியில்லன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. இந்த மேஜை உனக்குக் காத்திருக்கும். உடம்பு நல்லாத்தான் இருக்குன்னா, கை போயிடுச்சுன்னு அர்த்தம். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து உன் தங்கச்சி நிக்கட்டும். அவளுக்கும் வெட்டத் தெரியும்."

சின்னவள் தலைகுனிந்து நின்றாள். ஆனால் அவள் கண் ஒரு தடவை ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியதைப் பெரியவள் பார்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்ணையே நினைத்து வெந்துகொண்டிருந்தவள், பொத்தான் ஒன்றைத் தைத்துக்கொள்ள சின்னவளின் நூல் பெட்டியைத் திறந்தாள். ஊசி இல்லை. காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தாள். பாதி மாத்திரைகள். பிளேடால் நடுவில் நறுக்கிய பாதிகள், நாற்பதுக்கு மேல். சின்னவளின் நூறு மைக்ரோகிராம் மாத்திரைகள்தான். சந்தேகமில்லை.

முதலில் அவளுக்கு வந்தது கோபமும் இல்லை, பயமும் இல்லை. அப்படியா சேதி, என்னோட ஐம்பதைப் பார்த்து நீயும் ஐம்பதா, நல்லா கொட்டட்டும் முடி. அதுதான் முதலில் வந்தது. அது முழுதாக வந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே தன் நெஞ்சைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. பொட்டலத்தை இருந்தபடி மடித்து வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கிளினிக். ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கு மேலே சுவரில் ஒரு புதுத்தாள் ஒட்டியிருந்தது. முடி, நகம், தோலுக்கான சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் தெரிவிக்கவும், சில பரிசோதனைகளில் எண் தவறாக வரும் என்று கொட்டை எழுத்தில். பெரியவள் அதை மூன்று முறை படித்தாள். நாலாவது முறை படிக்கும்போது ஊசி உள்ளே போய் வெளியேயும் வந்துவிட்டது.

சாயங்காலம் டாக்டரின் மேஜைமேல் இரண்டு தாள்கள்.

"உங்களுக்குப் புள்ளி பூஜ்யம் நாலு. இன்னும் இறங்குது." பேனா மூடியைத் திறந்தார். பிறகு பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை மறுபடி மூடினார். "ஆனா உங்களப் பார்த்தா தாள்ல இருக்கற ஆள் மாதிரி தெரியலையே." அடுத்த தாளை எடுத்தார். "உங்க தங்கைக்குப் பதினாலு. திடீர்னு ஏன் ஏறுச்சு? மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் டாக்டர்" என்றாள் சின்னவள். குரல் கட்டையாக இருந்தது.

"அப்ப நூறு பத்தல. ஏத்தணும்."

பெரியவள் கணக்குப் போட்டாள். கதவில் தன் வரிசையில் புள்ளி பூஜ்யம் நாலு, தங்கை வரிசையில் பதினாலு. இப்படி ஒரு வெற்றி ஆயுசில் வந்ததில்லை. அம்மா இரட்டை வட்டம் போடுவாள். நாளைக் காலை எட்டரைக்குச் சின்னவள் ஜன்னலோரம் நிற்பாள், இவள் ஜோடியில்லாத பட்டன்களோடு மூலையில் உட்கார்ந்து அவளைத் தலைநிமிர்ந்து பார்ப்பாள்.

கதவு வேண்டுமா, மேஜை வேண்டுமா? மேஜைதான் வேண்டும் என்று வயிறு சொன்னது. உண்மை பேச வேண்டும் என்ற நல்ல எண்ணமெல்லாம் அந்தப் பக்கமே வரவில்லை.

"நான் முடி மாத்திரை சாப்பிடறேன் டாக்டர்" என்றாள். "தினம் ரெண்டு. எட்டு மாசமா."

பின்னலை நீவிக்கொண்டிருந்த கை நின்றது.

ஆரம்பித்த வாய் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "இவளும் ஒழுங்கா சாப்பிடல. பிளேடால நறுக்கிப் பாதிதான் சாப்பிடறா. மீதி நூல் பெட்டியில இருக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவருக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"அந்த மாத்திரை உடம்பை ஒண்ணும் பண்ணாதும்மா. பரிசோதனையைத்தான் ஏமாத்தும். ரத்தத்துல அது இருந்தா மெஷினோட கண்ணைக் கட்டிடும். அந்தப் பொய் எண்ணைப் பார்த்துட்டு நான் நல்ல மருந்தைக் குறைச்சிருக்கேன். நீங்க அஞ்சு மாசமா மருந்து பத்தாம இருந்திருக்கீங்க." சின்னவள் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் நறுக்கினீங்க?"

"அக்காவுக்குக் குறைச்சீங்களே" என்றாள் சின்னவள், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தீங்க. வேலைக்குப் போய், நேரத்துக்கு மாத்திரை போட்டு, ஒரு குறையும் இல்லாம. இந்த நோய்ல அதுதான் ஜெயிக்கிறது. வேற ஜெயிப்பு இதுல கிடையாது. அவங்க அளவு அவங்களுக்கு, உங்க அளவு உங்களுக்கு. சட்டை தைக்கறவங்களுக்கு இத நான் சொல்லணுமா?"

முடி மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொன்னார். முதலாளியம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். மருந்தின் அளவு சரியாகும்வரை ஆறேழு வாரம் இலகுவான வேலை கொடுக்கவும் என்று.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரலாம். இரண்டு பஸ் போன பிறகு சின்னவள்தான் ஆரம்பித்தாள்.

"எங்கே வெச்சிருந்த?"

"எதை?"

"புட்டிய."

"பட்டன் டப்பாவுல."

"என் முடியப் பார்த்து உனக்கு அவ்வளவு வயித்தெரிச்சலா?"

"நீ என் அம்பதப் பார்த்து எரியலியா? நாப்பது பாதி எண்ணி வெச்சிருக்கியே!"

"நீ ஏன் என் பெட்டியத் திறந்த?"

"ஊசி தேடினேன்."

"ஊசி உன் சட்டையிலயே குத்தியிருக்கு, பாரு. இப்பவும்."

பெரியவள் குனிந்து பார்த்தாள். இருந்தது.

"உனக்கு எது வாங்கினாலும் எனக்கும் வாங்குவாங்கல்ல" என்றாள் சின்னவள் தெருவைப் பார்த்துக்கொண்டு. "செருப்பு, ரிப்பன், கம்மல். மாத்திரையும் அப்படிக் குறையும்னு நினைச்சேன். உனக்கு மட்டும் சரியாயிட்டா, இந்த நோயோட நான் தனியாயிடுவேன்ல."

பெரியவள் சட்டையிலிருந்து ஊசியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீ சிரிச்ச" என்றாள்.

"என்னிக்கு?"

"அந்தப் பொண்ணு, அம்மாவான்னு கேட்டப்ப."

"அய்யோ, அதுவா! அதுக்கு அழவா முடியும்?" என்ற சின்னவள் சட்டென்று நிறுத்தினாள். "அதுக்காகவாக்கா?"

பஸ் வந்தது. இந்தத் தடவை அவள் கையைப் பிடித்து அழுத்தவில்லை. முன்னால் ஏறி, ஜன்னலோர இருக்கையில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு வாரம் கழித்து வந்த உண்மையான எண் முப்பத்தொன்று. மாத்திரை நூறுக்குத் திரும்பியது. அம்மா பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு 'பெ' வரிசையில் முப்பத்தொன்று என்று எழுதிவிட்டு, பழைய வட்டத்தை ரப்பரால் அழித்தாள். "எனக்கு இதுல தலையும் புரியல, வாலும் புரியல. நீங்களே பார்த்துக்குங்கடி" என்றாள். ஆனால் காலை ஐந்தரைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரோடு வந்து நின்று, இரண்டு பேரின் தொண்டையும் அசைவதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

முதலாளியம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "ஏழு வாரம்" என்றாள். மூலையில் பட்டன் தைப்பவளுக்குப் பக்கத்தில் பெரியவளுக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. மேஜையில் சின்னவள் நின்றாள்.

அந்த ஏழு வாரமும் பெரியவள் காதால்தான் வேலை பார்த்தாள். கத்திரி துணிக்குள் போகும் சத்தம் ஒவ்வொன்றும் அவள் காதில் தனித்தனியாக விழுந்தது. எங்கேயாவது சிக்காதா, ஒரு கோடாவது பிசகாதா? பிசகவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் திருட்டுத்தனமாக மேஜைக்குப் போய், வெட்டிய கட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பாள். அறுபது அடுக்கும் ஒரே சுவர்போல் நிற்கும். அட்டைகளின் ஒரு பக்கத்தில் 'இடது' என்றும் மறுபக்கத்தில் 'வலது' என்றும் சின்னவள் பெரிதாக எழுதி வைத்திருந்தாள். எனக்காகத்தான் எழுதியிருக்கிறாள், என்னைக் குத்திக்காட்டத்தான் என்று பெரியவள் பற்களைக் கடித்தாள். அடுத்த நாள் பார்த்தால், சின்னவளே அந்த எழுத்தை வாய்க்குள் படித்துப் படித்துத்தான் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாரத்தில் செருப்பு கடிப்பது நின்றது. ஐந்தாவது வாரம், பன்னிரண்டு படி ஏறி முடித்த பிறகுதான் ஏறியதே நினைவுக்கு வந்தது. ஒரு நாள் "யாராவது ஃபேனைக் கூட்டுங்களேன்" என்று ஒரு குரல் கேட்டது. பட்டன் தைப்பவள் திரும்பிப் பார்த்தாள். கேட்டது பெரியவள்.

ஏழாவது வாரக் கடைசியில் பெரியவளுக்கு ஐந்து, சின்னவளுக்கு இரண்டரை. பெரியவளுக்கு இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், இறங்கிவிடும் என்றார் டாக்டர். அம்மா இரண்டையும் எழுதினாள், ஃபர்ஸ்ட்டு யார் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, பெரியவளுக்கு எண்ணத் தெரியாதா? வகிடு இன்னும் அதே ஒரு விரல் அகலம். அது இனி அப்படியேகூட இருக்கலாம். சின்னவளின் சீப்பில் இப்போது முடி இல்லை. அதையும் அவள் பார்த்தாள்தான்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கே பெரியவள் தையல்கூடத்துக்குப் போனாள். சின்னவள் அவளுக்கும் முன்னால் வந்திருந்தாள். அதே கோடு போட்ட துணி, அறுபது அடுக்கு, மேல்முகமாக விரித்திருந்தது. இடது முன்பக்கத்துக்கு மட்டும் சாக்கட்டிக் கோடு விழுந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு அட்டை அகலத்துக்குத் துணி வெறுமையாகக் கிடந்தது.

பெரியவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள். அட்டையை ஒட்டி, நடுங்காமல், ஒரே இழுப்பில் போட்ட கோடு. தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறதோ? இருந்தது. வயிற்றில் பழைய இடத்தில் பழைய சூடு எழுந்தது. அட்டையை எடுத்தாள். கவிழ்த்தாள். 'வலது' என்ற எழுத்து மேலே வந்தது.

சின்னவள் கத்திரியைத் துடைத்து, பிடி அக்காவின் பக்கம் இருக்கும்படி மேஜைமேல் வைத்தாள். விரலில் இருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டாள். முன்னால் கிடந்த பின்னலைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் போட்டாள். ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். பிறகு நான்காவது மெஷினை நோக்கி நடந்தாள்.